மலைமகள் பக்கத்தில் மணி 0610

கரியன் மகன் கலைவாணனுக்குக் கடவுள் எல்லாவற்றையும் அளவாகத்தான் கொடுத்திருந்தார். உயரம் அளவு, நிறம் அளவு, வெள்ளிமலைக்கு அப்பால் மேட்டு நிலம் ஒன்றரை ஏக்கர், அதுவும் அளவு. வாயை மட்டும் அளக்க மறந்துவிட்டார். ஐந்தாம் வகுப்பில், சத்துணவு முட்டை வர வர சிறுத்துப் போகிறது என்று எழுந்து நின்று சொன்ன ஒரே பையன் அவன். முட்டை போட்ட கோழியைப் போய்க் கேள் என்றார் வாத்தியார். கோழி எந்த ஊர் என்று கேட்டு அடி வாங்கினான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறார்கள். தவளை தன் வாயால் கெடும் என்றும் அதே ஆட்கள்தான் சொல்கிறார்கள். கலைவாணன் முதலாவதை நம்பிப் பட்டாளத்தில் சேர்ந்தான். இரண்டாவது அங்கே அவனுக்காகக் காத்திருந்தது.

பட்டாளத்தில் அவன் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஓட்டத்தில் முதல், சுடுவதில் முதல், பனியில் நிற்கச் சொன்னால் முனகாமல் நிற்பான். மலைக்காரன், அவனுக்கு ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் போன் என்று ஒன்று கைக்கு வந்த பிறகு, நின்ற இடத்தில் நின்றபடியே ஊருக்கெல்லாம் கருத்துச் சொல்லலாம் என்று தெரிந்துவிட்டது. லங்கர் என்கிற பட்டாளத்துச் சமையல்கூடத்தில் ஒருநாள் ஊற்றிய பருப்பைப் படம் பிடித்து, 'இந்தப் பருப்பில் பருப்பைக் கண்டுபிடிப்பவருக்கு என் ஒரு மாத ரம் பரிசு' என்று சீருடையோடு பேஸ்புக்கில் போட்டான். நானூறு பேர் சிரித்தார்கள். நானூற்று ஒன்றாவதாகப் பார்த்தவர் அவனுடைய மேஜர்.

பட்டாளத்தில் ஒவ்வொருவனுக்கும் நடத்தைத் தாள் ஒன்று உண்டு. பெரிய தப்புக்குச் சிவப்பு மையில் எழுதுவார்கள். கலைவாணனின் தாளில் பருப்புக்காக ஒரு சிவப்பு விழுந்தது. மூன்று வருஷம் கழித்து, எவனோ போட்ட அரசியல் கேலிப் படத்துக்கு ஒரு சிரிக்கும் பொம்மையைத் தட்டினான். இரண்டாவது சிவப்பு. "சாப், நான் ஒரு வார்த்தை கூட எழுதலையே" என்று மன்றாடிப் பார்த்தான். சிரிப்பும் கருத்துதான் என்றார் மேஜர்.

பட்டாளத்தின் நியாயமும் நியாயம்தான். துப்பாக்கி வைத்திருப்பவன் கட்சி பேசினால் கேட்பவனுக்கு வயிறு கலங்கும். ஒருத்தன் பனியைப் பற்றி எழுதினால், அவன் எங்கே நிற்கிறான் என்று எதிரிக்கு எளிதாகத் தெரிந்துவிடும். இதெல்லாம் கலைவாணனுக்கும் தெரியும். பேஸ்புக்கையே போனிலிருந்து எடுத்துவிடச் சொன்னபோது மறுபேச்சு இல்லாமல் எடுத்தான். பதினேழு வருஷ சர்வீஸில் அவல்தார் ஆகியிருந்தான். அடுத்த பட்டியலில் நாயப் சுபேதார், தோளில் ஒரு நட்சத்திரம். மூன்றாவது சிவப்பு விழுந்தால் நட்சத்திரம் இந்த ஜென்மத்தில் இல்லை. அந்த நட்சத்திரத்துக்காக அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினான்.

மூடிய வாய்க்குள் கருத்துகள் புளித்த மாவாகப் பொங்கின. ஒரு லீவில் வீட்டுக்கு வந்தவனுக்குத் திடீரென்று வழி புலப்பட்டது. அந்த வழியின் பெயர் வளர்மதி, அவன் மனைவி.

"எனக்கு இன்னாத்துக்குங்க பேஸ்புக்கு? ஆடு பாக்கறதா, சாமை குத்தறதா, இதப் பாக்கறதா?" என்றாள் வளர்மதி.

"பேரு மட்டும்தான் உன்னுது. கருத்தெல்லாம் நான் குடுக்கறேன். ஞாயித்துக்கெழம போன்ல சொல்றேன், நீ அப்படியே அடிச்சிடு. என் போன் சுத்தமா இருக்கும், சட்டத்துக்கும் பங்கம் இல்ல."

'மலைமகள் வளர்மதி' என்று பக்கத்துக்குப் பெயர் வைத்தது அவன்தான். அவளைக் கேட்கவில்லை.

அவர்கள் ஊரில் எல்லா இடத்திலும் சிக்னல் எடுக்காது. மரவள்ளிக் கொல்லைக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். ஊர்க்காரர்கள் அதை டவர் பாறை என்கிறார்கள். ஞாயிறுதோறும் வளர்மதி அந்தப் பாறையில் இரண்டு போனோடு உட்காருவாள். ஒன்றில் புருஷன் குரல், இன்னொன்று தட்டுவதற்கு, இடையில் அடுத்தவன் கொல்லையில் வாய் வைக்கும் ஆட்டை விரட்டக் கல். "எழுதிக்கோ" என்று அங்கே அவன் ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஓடும். அவள் பத்தாவது வரை படித்தவள், கை வேகம். சொன்னதைச் சொன்னபடி தட்டுவாள்.

சொன்னதைச் சொன்னபடி என்பதில்தான் வினையே இருந்தது.

'காலை 0610க்கு ரிப்போர்ட் செய்ய வேண்டிய மலை பஸ் 0745க்கு ரிப்போர்ட் செய்கிறது. இந்த ஒன்றரை மணி நேரம் பிரசவ வலி எடுத்தவள் எங்கே ஃபாலின் ஆவது?' இதுதான் மலைமகளின் முதல் கருத்து. பட்டாளத்தில் ஆறு பத்தை அப்படித்தான் சொல்வார்கள், சுழியத்தையும் சேர்த்து. வரிசையில் வந்து நிற்பதற்கு அங்கே ஃபாலின் என்று பெயர். மலைக்காரப் பெண் ஒருத்தி இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறாளே என்று கள்ளக்குறிச்சி, சின்னசேலம், உளுந்தூர்பேட்டை வரை பகிர்ந்தார்கள். அடுத்த வாரமே பஸ் ஆறு இருபதுக்கு வந்தது. "வளர்மதி யாரும்மா?" என்று டிரைவர் இறங்கிக் கேட்டு, முன் சீட்டைத் துடைத்து உட்கார வைத்தார். கருத்து தன்னுடையது இல்லை என்று வளர்மதி சொல்லவில்லை. சீட்டு நன்றாக இருந்தது.

ஒன்றரை வருஷத்தில் பதினோராயிரம் பேர் அந்தப் பக்கத்தைப் படித்தார்கள். ரேஷன், ரோடு, பள்ளிக்கூடத்துக் கூரை என்று மலைமகள் விடவில்லை. ஊர்ப் பெண்கள் அவளிடம் மனு எழுத வந்தார்கள். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கலைவாணன் லீவு கேட்டு, அது இரண்டு தடவை தள்ளிப் போனது. அந்த ஞாயிறு அவன் குரலில் சூடு ஏறியிருந்தது.

"எழுதிக்கோ. ஆபீஸ்ல உக்காந்து ஸ்டாம்ப் அடிக்கறவனுக்கு வருஷத்துக்கு மூணு லீவு. பனியில நிக்கறவனுக்கு லங்கர் பருப்புதான் லீவு."

"இது வேணாங்க" என்றாள் வளர்மதி.

"நீ எழுது. உனக்கு இன்னா தெரியும்?"

அவள் எழுதினாள். மூன்றே நாளில் அது அவனுடைய பட்டாளத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. அங்கே ஸ்டாம்ப் அடிக்கிற ஆள் ஒருத்தன் இருந்தான், மணலூர்பேட்டை அஜித்குமார். மலைமகள் யார் மனைவி என்பது அவனுக்குத் தெரியும். படித்தும் படிக்காத மாதிரி அவன் பாட்டுக்கு இருந்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. மலைமகளின் பழைய கருத்துகளையெல்லாம் படமெடுத்து, '0610', 'ரிப்போர்ட்', 'ஃபாலின்', 'லங்கர்' என்று ஒவ்வொன்றையும் சிவப்பில் வட்டம் போட்டு, சாமை குத்துகிற பெண் இப்படியா பேசுவாள் என்று கேட்டு மேலே அனுப்பிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் காம்பை வெளியே விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் கலைவாணனுக்கு லீவு கிடைத்து, அவன் வீட்டில் உட்கார்ந்து பலாக்கொட்டை சுட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

போன் செய்தவர் சுபேதார் ஜுல்பிகர். கள்ளக்குறிச்சிக்காரர், பஸ் ஸ்டாண்டு பக்கம் அண்ணன் தம்பிகளுக்குக் குடை, செருப்புக் கடை. கல்லாவில் உட்காராமல் பட்டாளத்துக்குப் போன ஒரே ஆள் அவர். அதே பட்டாளம்தான், அவரும் லீவில் வந்திருந்தார்.

"கலைவாணா, கர்னல் சாப் என்னப் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லிக்கீறாரு. உன் சம்சாரம் எழுதறாங்கன்னா அதோட முடிஞ்சுது, ஊரு ஜனத்தோட வாய நாம கட்ட முடியாது. நீ எழுதறன்னா விசாரணை, அப்புறம் சிவப்பு. நாளைக்குக் காலையில வரேன். நான் அவங்ககிட்ட பேசறப்ப நீ பக்கத்துல இருக்கக் கூடாது."

கலைவாணன் சுட்ட பலாக்கொட்டையைத் தட்டோடு தள்ளி வைத்தான். அன்று சாயங்காலம் முழுக்க வளர்மதிக்குப் பயிற்சி. அவள் மரவள்ளிக் குச்சியைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான்.

"ரேஷன் பத்தி கேட்டா இப்படிச் சொல்லு. பருப்பு பத்தி கேட்டா அப்படிச் சொல்லு. எங்க, ஒரு வாட்டி திருப்பிச் சொல்லு."

"நீங்க சொல்லாம நானா ஒண்ணு சொன்னா ஆவாதா?"

"ஐயோ வளரு, என் நட்சத்திரத்துல மண்ண அள்ளிப் போட்டுடாத."

அவள் கட்டை இறுக்கி முடிந்தாள். அவள் போட்ட முடிச்சு அவனுக்கு ஜுல்பிகரை விட அதிகப் பயம் கொடுத்தது.

மறுநாள் சுபேதார் ஜுல்பிகர் பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு கிலோ மிக்ஸர், முகத்தில் கடமை. கலைவாணனைக் கொல்லைக்குப் போகச் சொன்னார். கலைவாணனும் போனான், பத்தடி போய்ச் சாத்தி வைத்திருந்த குச்சிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தான். கொல்லையும் அதுதானே.

"அந்தப் பக்கத்துல எழுதறது யாரும்மா?"

"நான்தாண்ணா. என் கையாலதான் அடிக்கறேன்."

அது பொய்யில்லையே என்று கட்டுக்குப் பின்னால் ஒருவன் மூச்சு விட்டான்.

"சரி. 0610ன்னு எழுதிக்கீறீங்களே, அது இன்னா?"

"ஆறு பத்துண்ணா. எங்க வூட்டுல யாரு ஆறு பத்துன்னு சொல்றாங்க? கல்யாணம் ஆயி பதினாலு வருஷம். மொத நாளு விடியறதுக்கு முன்னாடியே விசில் ஊதி எழுப்புனாரு. சோறு திங்கற எடத்துக்கு லங்கர்னு பேரு. துணி மடிக்கறதுல கோணல் இருந்தா மறுபடி மடிக்கணும். எனக்கே இப்ப மாத்திப் பேச வர்ல."

ஜுல்பிகர் நம்பினாரா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கலைவாணனின் அம்மா வெள்ளச்சி ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கூடத் தெரியாது. முன்னால் போன கிடாயைப் பார்த்து, "ஏய், லைன்ல வா. ஆல்ட்டு, ஆல்ட்டு" என்று அதட்டினாள். கிடாய் நின்றது. பிறகு வந்தவரைப் பார்த்து, சாயங்காலம் ஆறு மணி என்று சொல்லாமல், "பதினெட்டு நூறுக்கு மேல மழ வரும், சாமி. அதுக்குள்ள மலய எறங்கிடு" என்றாள்.

சுபேதார் ஜுல்பிகர் இருபத்தைந்து வருஷம் பட்டாளத்தில் சிரிப்பை அடக்கப் பழகியவர். இப்போது முடியவில்லை. மிக்ஸர் பொட்டலத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அஜித்குமார் போட்ட வட்டமெல்லாம் அந்தக் கிடாயின் முன்னால் செல்லாக்காசு ஆகிவிட்டது.

இருந்தாலும் கடமை கடமை. "இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. என் முன்னாடி இப்ப ஒண்ணு எழுதிக் காட்டுங்க. எதப் பத்தி வேணா எழுதுங்க."

கட்டுக்குப் பின்னால் கலைவாணன் குச்சி இடுக்கில் கண்ணை வைத்தான். இது அவன் பயிற்சியில் இல்லை. இவள் என்ன எழுதுவாள்? இவளுக்குக் கருத்து ஏது? இரண்டு பேரும் டவர் பாறைக்கு நடந்தார்கள். அங்கே மறைவு கிடையாது, போய் ஒளிய முடியாது. தூரத்திலிருந்து பார்த்தான். அவள் உட்கார்ந்தாள், போனை எடுத்தாள், கொஞ்ச நேரம் எதிர் மலையைப் பார்த்தாள். பிறகு குனிந்தவள் நிமிரவே இல்லை. வழக்கமாகச் சொல்லச் சொல்லத் தட்டும்போது கூட அவள் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. ஆடு அடுத்தவன் கொல்லையில் புகுந்ததைக் கூடக் கவனிக்கவில்லை. ஜுல்பிகர்தான் எழுந்து போய் விரட்டினார்.

கடைசியில் போனை அவரிடம் நீட்டினாள். அவர் நின்றபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி படித்தார். ஏதோ கேட்டார். அவள் தலையாட்டிவிட்டு, போனை வாங்கிக் கடைசியாக ஒரு தட்டுத் தட்டினாள். கலைவாணன் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நட்சத்திரம் போய்விட்டது என்றே நினைத்தான்.

ஜுல்பிகர் இறங்கி வந்து நேராகக் குச்சிக் கட்டுக்கு முன்னால் நின்றார். "வெளிய வா. உன் செருப்பு தெரியுது."

கலைவாணன் வெளியே வந்து விறைப்பாக நின்றான். தலையில் மரவள்ளிச் சருகு.

"எழுதறது அவங்கதான், சந்தேகமே இல்ல. கண்ணால பாத்தத எழுதி அனுப்பிடறேன். கேஸு முடிஞ்சுது" என்றார் ஜுல்பிகர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பழசப் பத்தி நான் கேக்கல. ஆனா இனிமே ஞாயித்துக்கெழம உன் போன்லேர்ந்து ஒரு வார்த்த அந்தப் பக்கத்துக்குப் போச்சுன்னா, நானே சிவப்பு மை வாங்கித் தருவேன். அந்தப் பொண்ணுக்குச் சொந்தமா எழுத வருது. உனக்குத்தான் வாய மூட வர்ல."

"யெஸ் சாப்."

"போயி அத படி. படிக்க மட்டும் செய். உனக்கு அதுக்கே அனுமதி கெடையாது, இன்னிக்கு ஒரு நாளு நான் குடுக்கறேன்."

வெள்ளச்சி கொடுத்த இரண்டு படி சாமை அரிசியோடு பைக் கிளம்பியது. கலைவாணனுக்குத் தலைகால் புரியவில்லை. தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் பாறைக்கு ஓடினான். வளர்மதி போனை அவன் கையில் வைத்துவிட்டு ஆட்டைப் பார்க்கப் போனாள்.

மலைமகள் எழுதியிருந்தது இதுதான்:

'பட்டாளத்துல இருக்கறவங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னு சட்டம் கீதாம். நல்ல சட்டம். லீவுல வூட்டுக்கு வர்ற முப்பது நாளுக்கும் அத நீட்டிச்சா புண்ணியமாப் பூடும். என் வூட்டுக்காரரு வந்தா பஸ்ஸப் பத்தி பேசுவாரு, பருப்பப் பத்தி பேசுவாரு, ஒலகத்தப் பத்தி பேசுவாரு. என்னோட வாயக் கட்டனது எந்தச் சட்டம்னு தெரியல. பதினாலு வருஷத்துல ஒரு நாளு கூட, வளரு, நீ இன்னா நெனைக்கிறன்னு அவரு கேட்டது கெடையாது. அவருக்குத் தோள்ல நட்சத்திரம் வரப்போவுது. ஊரே சந்தோஷப்படுது. நட்சத்திரம் வந்தா இன்னும் ரெண்டு வருஷம் ஜாஸ்தி அங்கயே நிக்கணும். எனக்கு அது வேணாம். பட்டாளம் மொதல்ல வுடற அன்னிக்கே அவரு வந்துடணும்னு இருக்கு. என்ன யாரும் கேக்கல. ஆனா அவரு ஆசப்படறாரு. வரட்டும், போட்டுக்கட்டும். நான் இங்கதான் இருப்பேன், இந்தப் பாறையில.'

கலைவாணன் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். இன்று காலையில் அவள் ஒரே ஒரு வார்த்தை உளறியிருந்தால் போதும், நட்சத்திரம் போயிருக்கும், இவன் இரண்டு வருஷம் முன்னதாக வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் ஆசைப்பட்டது அதைத்தான். தெரிந்தே அவள் உளறவில்லை. வாயை மூடு என்று பட்டாளம் சொன்னதற்கே இத்தனை வருஷம் அவன் பொருமினானே, பெயரையும் கையையும் வாங்கிக்கொண்டு இவள் வாயை மூடி வைத்தவன் யார் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது.

அதற்குள் நானூறு பேர் அதன் கீழே ஏதேதோ தட்டியிருந்தார்கள். அவன் விரல் தன்னால் அந்த இதயப் படத்தின் மேல் போய் நின்றது. பிறகு ஜுல்பிகர் ஞாபகம் வந்து விரலை இழுத்துக்கொண்டான்.

வளர்மதி கிடாயை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவன் பாறையிலிருந்து இறங்கி அவளுக்கு இடம் விட்டான். பத்தொன்பது வருஷம் அதிகாரிகள் முன்னால் நின்ற அதே விறைப்பில்தான் நின்றான், வேறு மாதிரி நிற்க அவனுக்குத் தெரியாது.

"வளரு."

"இன்னாங்க?"

"அந்த நட்சத்திரம். நீ இன்னா நெனைக்கிற?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தலையில் இருந்த சருகை எடுத்துப் போட்டாள். பிறகு பாறைமேல் ஏறி வசதியாக உட்கார்ந்து, கையில் இருந்த கயிற்றை அவனிடம் நீட்டினாள்.

"கெடாவப் புடிங்க. சொல்றேன், நேரம் ஆவும். நடுவுல பேசக் கூடாது."

கலைவாணன் கயிற்றை வாங்கிக்கொண்டான். மணி 1120. வெள்ளச்சி 1300க்குச் சோற்றுக்குக் கூப்பிடும் வரை அவன் வாயைத் திறக்கவில்லை.